'விண்டிகேஷன் ஸ்விம்': இங்கிலீஷ் கால்வாயை நீந்திய மெர்சிடிஸ் பற்றிய படமும் நம்மூர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டோம். கல்லூரிப் பெண்கள், நீச்சல் பழகும் பிள்ளைகளின் அம்மாமார், உவரியிலிருந்து வந்த இரண்டு கடலோடிகள், பக்கத்து வீட்டு ஆச்சி என்று கலவையான கூட்டம். படம் முடிந்தும் கேள்விகள் நிற்கவில்லை, பிறகு போனிலும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

இது யாருடைய கதை?

மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்ணின் கதை. 1900 நவம்பர் 18-இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள், அப்பா ரொட்டி சுடும் தொழிலாளி. வளர்ந்த பிறகு லண்டனில் தட்டச்சு வேலை பார்த்தார். ஆங்கிலம், ஜெர்மன் இரண்டும் தெரிந்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. பணக்கார வீட்டுப் பெண் இல்லை. வாரம் முழுக்க அலுவலகம், லீவு கிடைத்தால் கடல் என்று வாழ்ந்தவர்.

1927 அக்டோபர் 7-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கும் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அப்படிக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். படம் இந்த நீச்சலையும், அதைத் தொடர்ந்த இரண்டு வாரக் கூத்தையும் சொல்கிறது.

அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் கடக்கவில்லையா?

கடந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி 1926 ஆகஸ்ட் 6-இல் கடந்தார், அதுவும் அதுவரை கடந்த ஆண்கள் எல்லாரையும்விட வேகமாக. அதே மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்தே அமீலியா கேட் கோர்சன். மெர்சிடிஸ் மூன்றாவது பெண்.

இதில் ஒரு குழப்பம் வரும். எடர்லியைப் பற்றி டிஸ்னி நிறுவனம் எடுத்த பெரிய படமும் இதுவும் 2024-இல்தான் வெளியாயின. 'அந்தப் படத்தைத்தான் போடப் போறீங்கன்னு வந்தேன்' என்று ஒரு தங்கச்சி கோபித்துக்கொண்டாள். அது வேறு, இது வேறு. இது கையிலிருந்த காசில் எடுத்த சுயாதீனப் படம்.

அந்தக் கால்வாய் எவ்வளவு அகலம்?

மிகக் குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர் சுமார். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினால் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் யாரும் நேர்கோட்டில் நீந்த முடியாது, அதைக் கடலோடிகள் கேட்ட இடத்தில் சொல்கிறேன். தூரத்தைவிடக் குளிர்தான் ஆளைச் சாய்க்கும். மெர்சிடிஸ் கடந்த அன்று தண்ணீர் 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. மார்கழி விடியலில் பாபநாசத்தில் முங்கிப் பல் தந்தியடிக்க எழுந்தவர்களுக்குக்கூட அது புரியாது. நாம் முங்கி எழுந்து துண்டைத் தேடுவோம். அவர் பதினைந்து மணி நேரம் உள்ளேயே கிடந்தார்.

ஒரே முயற்சியில் கடந்துவிட்டாரா?

எட்டாவது முயற்சியில். முந்தைய ஏழும் நீரோட்டத்தாலோ குளிராலோ பாதியில் நின்றவை. அக்டோபர் 7 அதிகாலை 2.55-க்குப் பிரான்சின் கிரி-நே முனையில் இறங்கினார். வழியெல்லாம் அடர்ந்த மூடுபனி. உலகத்திலேயே கப்பல் நடமாட்டம் அதிகமுள்ள கடல்பாதைகளில் ஒன்று அது. பனிக்குள் கப்பலும் தெரியாது, கப்பல்காரருக்கு நீந்துகிறவரின் தலையும் தெரியாது. மாலை 6.10-க்கு இங்கிலாந்தின் செயின்ட் மார்கரெட்ஸ் பே அருகே பாறையைத் தொட்டார். 15 மணி 15 நிமிடம். கரையேறியதும் நினைவு தப்பிவிட்டது.

பிறகு ஏன் நம்ப மறுத்தார்கள்?

கதையின் முடிச்சு இங்கேதான். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 11-இல், டாரதி காக்ரன் லோகன் என்ற மருத்துவர் தானும் கால்வாயைக் கடந்ததாக அறிவித்தார். 13 மணி 10 நிமிடத்தில் கடந்ததாகச் சொன்னார். எடர்லியையே மிஞ்சிய நேரம். 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' பத்திரிகை 1000 பவுண்டு பரிசும் தந்தது. சில நாளில் லோகனே உண்மையைச் சொன்னார்: நான் முழுத்தூரமும் நீந்தவில்லை, நடுவில் படகில் ஏறிக்கொண்டேன், கால்வாயைக் கடந்தேன் என்று யார் வேண்டுமானாலும் கதை விடலாம், சரிபார்க்க ஆளில்லை, அதைக் காட்டத்தான் இப்படிச் செய்தேன் என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பொய்ச் சத்தியம் செய்ததற்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது வேறொருத்தி. 'அப்போ போன வாரம் நீந்தின தட்டச்சுக்காரி மட்டும் உண்மையா?' என்று கேள்வி எழுந்துவிட்டது. சாட்சிகளின் கையெழுத்து இருந்தும் மெர்சிடிஸ் மேல் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சரி, மறுபடி நீந்துகிறேன், வந்து பாருங்கள் என்றார். பழியைத் துடைக்க இறங்கிய அந்த நீச்சலைத்தான் பத்திரிகைகள் விண்டிகேஷன் ஸ்விம் என்று எழுதின, படத்தின் பெயரும் அதுவே.

மறுபடி கடந்தாரா? (கடைசியைச் சொல்லிவிடாதீர்கள் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

கடக்கவில்லை.

அக்டோபர் 21. முதல் நீச்சலுக்கு இரண்டே வாரம் கழித்து. அதற்குள் தண்ணீர் இன்னும் குளிர்ந்து 12-லிருந்து 14 டிகிரிக்குள் வந்துவிட்டது. உடம்பும் முந்தைய நீச்சலிலிருந்து முழுதாகத் தேறியிருக்காது. அதிகாலை 4.21-க்கு இறங்கினார். பத்து மணி நேரம் தாண்டியும் நீந்தினார். 10 மணி 24 நிமிடம் ஆனபோது கிட்டத்தட்ட மயக்கத்தில் இருந்தார். கரைக்கு இன்னும் ஏழு மைல் இருக்கையில் படகில் இருந்தவர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள்.

கணக்குப்படி பார்த்தால் தோல்வி. ஆனால் படகுகளில் கூடவே வந்த பத்திரிகையாளர்களும் மருத்துவர்களும் இந்தக் குளிரில் ஒரு பெண் பத்து மணி நேரம் கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இதைத் தாங்கியவள் அதை நீந்தியிருக்க மாட்டாளா என்று வாயடைத்துப் போனார்கள். முதல் நீச்சல் அங்கீகரிக்கப்பட்டது. விளையாட்டுப் படம் என்றால் கடைசிக் காட்சியில் கோப்பையைத் தூக்க வேண்டும் என்று பழகிப்போயிருக்கிறோம். இங்கே கதாநாயகி கரையைத் தொடாமலே ஜெயிக்கிறார். எனக்கு இந்தப் படத்தின் மேல் ஈர்ப்பு வந்ததே இதனால்தான். ஆனால் மொட்டைமாடியில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது. 'தொட்டிருக்கலாம்லா?' என்றாள் ஒரு தங்கச்சி.

இந்தக் குழப்பத்திலிருந்து வேறொரு நன்மையும் விளைந்தது. கால்வாய் நீச்சல்களைக் கண்காணித்துச் சான்று தர, 1927-இலேயே கால்வாய் நீச்சல் சங்கம் தோன்றியது. இன்றும் யார் கடந்தாலும் பார்வையாளர் ஒருவர் படகில் இருந்து எழுதி வைக்க வேண்டும்.

ரோலெக்ஸ் கடிகாரத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ரோலெக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1926-இல் தண்ணீர் புகாத 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். அதை நிரூபிக்க ஆள் தேடியவருக்கு மெர்சிடிஸ் கண்ணில் பட்டார். பழி துடைக்கும் நீச்சலின்போது ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார். அதைக் கையில் கட்டவில்லை, நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீந்தினார். பத்து மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறியும் கடிகாரம் சரியாக ஓடியது. 1927 நவம்பர் 24-இல் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம்.

இப்போது கேள்விப்படுகிற பலருக்கு அவர் கடிகாரத்தோடு கால்வாயைக் கடந்தார் என்றுதான் மனதில் பதிகிறது. கடந்தபோது கடிகாரம் இல்லை. கடிகாரம் இருந்தபோது கடக்கவில்லை. விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம் அன்றும் குறைவில்லை.

'அந்தப் பிள்ள மேல என்னத்தை அப்படித் தேய்க்காவ?' (ஆச்சி கேட்டது)

கொழுப்பு, ஆச்சி. பன்றிக் கொழுப்பு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகுக் கொழுப்பு என்று கிடைத்ததைத் தடித்துப் பூசிக்கொண்டுதான் அந்தக் காலத்தில் இறங்குவார்கள். குளிர் ஏறாது என்று நம்பினார்கள். உண்மையில் அது பெரிதாகக் குளிரைத் தடுப்பதில்லை. அக்குளிலும் கழுத்திலும் உடுப்பு உரசிப் புண்ணாகாமல் காப்பதுதான் அதனால் கிடைக்கும் முக்கிய லாபம். இன்றும் நெடுந்தூர நீச்சல்காரர்கள் அதற்காகத்தான் பூசுகிறார்கள்.

குளிரைத் தாங்குவது உடம்பின் சொந்தக் கொழுப்பும் பழக்கமும். தண்ணீர் நம் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், கைகால் சொன்னபடி கேட்காமை, கடைசியில் மயக்கம். கூட இருப்பவர்கள் அதனால்தான் அடிக்கடி பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டால் உளறினால் தூக்கிவிட வேண்டியதுதான்.

'கூட வார போட்டுல ஒரு கை வச்சிக்கிட்டா என்ன?' 'நீவாடு எப்படி?' (உவரிக் கடலோடிகள் கேட்டது; நீவாடு என்றால் கடல் நீரோட்டம்)

அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்விகள் இவை.

படகில் கை வைத்தால் ஆட்டம் முடிந்தது. சாப்பாடு, குடிநீர் எல்லாம் கயிற்றிலோ கம்பிலோ கட்டித்தான் நீட்டுவார்கள், வாங்குகிறவர் மிதந்துகொண்டே விழுங்க வேண்டும். இன்றைய சங்க விதிப்படி உடம்பை மூடும் ரப்பர் உடுப்பும் கூடாது. சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி அவ்வளவுதான். மெர்சிடிஸ் காலத்தில் கண்ணாடியே அபூர்வம். எடர்லி தன் கண்ணாடி ஓரத்தை மெழுகால் அடைத்துக்கொண்டு நீந்தினார்.

நீவாட்டைப் பற்றி: உவரி, இடிந்தகரைப் பக்கம் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர்கூட மாறாது. டோவரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆறு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் அந்தக் குறுகலான இடுக்கு வழியாகப் போய்வர வேண்டும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். பிரான்சிலிருந்து நேர் வடமேற்கே நீந்த இறங்கியவரை முதல் ஆறு மணி நேரம் ஒரு பக்கம் தள்ளும், அடுத்த ஆறு மணி நேரம் எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால் வரைபடத்தில் பார்த்தால் அவர்கள் போன தடம் பாம்பு நெளிந்தது போல இருக்கும். கரை கண்ணுக்குத் தெரிந்தும் மூன்று நான்கு மணி நேரம் அதே இடத்தில் நீந்திக்கொண்டிருந்த கதைகள் நிறைய. படகோட்டியின் கணக்குத் தப்பினால் நீச்சல்காரரின் பலம் அத்தனையும் வீண்.

இதைக் கேட்டதும் கடலோடிகளில் மூத்தவரான பெரிய அண்ணாச்சி, 'அப்போ நீந்துறவ பாதி, போட்டு ஓட்டுறவன் பாதி' என்றார். படத்தில் படகோட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடிகை உண்மையாகவே கடலில் நீந்தினாரா, இல்லை தொட்டியில் எடுத்ததா?

உண்மையான கடல், அதுவும் அதே இங்கிலீஷ் கால்வாய். மெர்சிடிஸாக நடித்த கிர்ஸ்டன் காலஹன் மாற்று ஆள் வைத்துக்கொள்ளாமல், அந்தக் காலத்து நீச்சலுடையிலேயே குளிர்ந்த தண்ணீரில் நீந்தினார். அதற்காக நீண்ட பயிற்சியும் எடுத்தார். இயக்கிய எலியட் ஹாஸ்லர் மெர்சிடிஸ் பிறந்த அதே பிரைட்டன்காரர், படம் எடுக்கும்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். முதல் படத்தைப் பதின்வயதிலேயே எடுத்து முடித்தவர்.

பெரிய நிறுவனமாக இருந்தால் தொட்டி கட்டி, பின்னால் பச்சைத் திரை போட்டு, கடலைக் கணினியில் வரைந்திருப்பார்கள். இவர்கள் நடிகையைக் கடலில் இறக்கினார்கள். அதன் பலன் திரையில் தெரிகிறது. முகத்தில் அறையும் தண்ணீர், மூச்சு வாங்கும் விதம், உதட்டு நிறம் எதிலும் நடிப்பின் வாடை இல்லை. அலையின் உயரத்துக்குக் காமிரா ஏறி இறங்குவதில் சிலருக்குத் தலைசுற்றியதாகச் சொன்னார்கள். கடலோடிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள்?

போட்டிக்காரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு ஈடித் கேட் என்று பெயர், நடித்தவர் விக்டோரியா சம்மர். நிஜத்தில் நடந்தது டாக்டர் லோகனின் விவகாரம். வாழ்க்கைக் கதையைப் படமாக்குகிறவர்கள் பெயரை மாற்றுவதும் பாத்திரங்களை வளைப்பதும் வழக்கம்தான். என் குறை வேறு. நிஜ லோகன் படத்தில் வருபவரைவிடச் சுவாரசியமான ஆள். படித்த மருத்துவர், தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர். அவரை நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் தள்ள முடியாது. அப்படிப்பட்ட ஒருவரை எதிரே நிறுத்தியிருந்தால் மெர்சிடிஸின் இக்கட்டு இன்னும் கூர்மையாகியிருக்கும்.

பயிற்சியாளர் ஹெரால்ட் பெஸ்ட் ஆக ஜான் லாக் நடித்திருக்கிறார். முணுமுணுப்பும் அக்கறையும் கலந்த அந்தக் கிழவரை ஆச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மொத்தத்தில் படம் எப்படி?

தண்ணீருக்குள் இருக்கும்போது அருமை, கரையில் இருக்கும்போது சுமார். பெண் நீந்தக் கூடாது என்று முகம் சுளிக்கும் கனவான்கள், மனம் தளரும்போது ஊக்கம் தரும் பேச்சு என்று பழகிய பாதையிலேயே போகிறது. பின்னணி இசை நாம் எப்போது உருக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான படத்தில் கடல் வரும் பகுதிகளுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். வசதியில்லாத படம் வசதியில்லாத பெண்ணைப் பற்றி எடுக்கப்பட்டிருப்பது எனக்குப் பொருத்தமாகவும் பட்டது.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

படம் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால்தான் வாழ்க்கையின் பெரும்பகுதி இருக்கிறது. 1928 ஏப்ரலில் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையை 12 மணி 50 நிமிடத்தில் நீந்தினார். ஆண், பெண் யாருமே அதற்கு முன் அதை நீந்தியதில்லை. இதைத்தான் அவருடைய ஆகப்பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். கால்வாயும் கடிகாரமும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன.

பிறகு நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராகப் போய் நீந்தினார். நீச்சல் குளங்களில் இடைவிடாமல் மிதந்து நீந்தும் காட்சிகள் நடத்தினார். 26 மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக 47 மணி நேரம் வரை. மக்கள் டிக்கெட் வாங்கி வந்து, அவர் தூங்கிவிடாமல் இருக்கக் கூட்டமாகப் பாட்டுப் பாடுவார்களாம்.

இந்தக் காசெல்லாம் எங்கே போனது என்பது முக்கியம். லண்டன் தெருக்களில் வீடில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்ததிலிருந்து அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம். 1933-இல் லெஸ்டர் நகரில் ஆதரவற்ற ஆண், பெண்களுக்காக மெர்சிடிஸ் கிளைட்ஸ் இல்லங்கள் திறக்கப்பட்டன. 1940-இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் அவை அழிந்தன. ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தவள் கட்டியதை ஜெர்மன் குண்டு இடித்தது. ஆனால் அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை நிதி அழியவில்லை, பிற்பாடும் அந்த நகரத்து ஏழைக் குடும்பங்களுக்கு உதவி வந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை?

அவரே பேசவில்லை. 1930-இல் பேட்ரிக் கேரி என்ற பொறியாளரை மணந்தார். மூன்று பிள்ளைகள். 1930-களில் நீச்சலை விட்டவர், 1981 பிப்ரவரியில் இறக்கும்வரை தன் பழைய வாழ்க்கையைப் பற்றி வீட்டில் அதிகம் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கே பாதிக் கதை அவர் போன பிறகுதான் தெரிந்தது. அவர் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களை வைத்து மகள் டோலரண்டா பெம்பர் பல வருடம் உழைத்து அம்மாவின் வரலாற்றை 2019-இல் புத்தகமாக்கினார்.

இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, தானும் சின்ன வயசில் குறுக்குத்துறையில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியிருப்பதாக மெதுவாகச் சொன்னார். வெள்ளம் வடியாத ஐப்பசியில். அவருடைய பேத்திக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு ஏன் நீந்தவில்லை என்று பேத்தி கேட்டதற்கு, 'அப்பவும் ஆத்துக்குப் போவேன், துணி தொவைக்க' என்றார்.

நம் ஊர்ப்பக்கம் இப்படி நீந்தியவர்கள் யாராவது உண்டா?

இந்தியாவிலும் ஆசியாவிலும் முதலில் சொல்ல வேண்டிய பெண் கல்கத்தாவின் ஆரத்தி சாஹா. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது வயது 11. 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கித் தோற்றார். அடுத்த மாதமே, செப்டம்பர் 29-இல், மறுபடி இறங்கி 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். அதைச் செய்த முதல் ஆசியப் பெண். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னால் வந்தவர் வங்கத்துப் புலா சௌத்ரி, கால்வாயை இரண்டு முறை கடந்தவர், 2004-இல் பாக் நீரிணையையும் நீந்தியவர்.

தமிழர்களில் என்றால் பாக் நீரிணைதான் நம் கால்வாய். யாழ்ப்பாணக் கரையைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954-இல் அதை நீந்தினார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் 51 மணி நேரத்தில் போய்த் திரும்பினார். அந்த ஆனந்தன் 1984-இல் உயிர் விட்டது எங்கே தெரியுமா? மெர்சிடிஸ் நீந்திய அதே இங்கிலீஷ் கால்வாயில், அதைக் கடக்க முயன்றபோது. 1994-இல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும் இங்கிலீஷ் கால்வாயையும் சேர்த்து ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். பெயரைப் பார்த்துவிட்டு நம்ம தென்காசிப் பக்கம் என்று உரிமை கொண்டாடாதீர்கள், அவர் சென்னையில் வளர்ந்தவர்.

படம் பார்த்ததிலிருந்து மகள் கடலில் நீந்தணும்கிறாள். விடலாமா?

ஆசையைத் தடுக்காதீர்கள், கடலை மட்டும் கடைசிக்கு வையுங்கள். முதலில் குளத்தில் முறையாகப் பயிற்சி. நிற்காமல் ஒரு மணி நேரம் சீராக நீந்த வரட்டும். அதற்குப் பிறகு ஆறு, அதுவும் தெரிந்த பெரியவர் துணையோடு. தாமிரபரணி பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களும் ஆழமான கசங்களும் எங்கே இருக்கின்றன என்று மேலே தெரியாது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஓட்டம் திடீரென்று மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுப் பக்கமே வேண்டாம். 2023 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் கடல் என்றால், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதே கஷ்டம். கடலோடிகள் துணையும் படகும் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். நெடுந்தூரத்தில் உண்மையாகவே ஆர்வம் வந்தால் முர்ஷிதாபாத்தில் பாகீரதி ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் 81 கிலோமீட்டர் போட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆற்றோட்டத்தோடு போவதால் அந்தத் தூரம் சாத்தியமாகிறது.

இன்னொன்று. 'கறுத்துப் போயிருவா, தோள் விரிஞ்சிரும்' என்று மைனிமார் யாராவது சொன்னால், ஆமாம், இரண்டும் நடக்கும்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் பார்க்கலாமா?

தாராளமாக. படத்தில் கணிசமான நேரம் தண்ணீர்தான் பேசுகிறது. மேலே சொன்ன கதையை முதலில் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிள்ளைகளையும் உட்கார வைக்கலாம், முகம் திருப்பும்படி ஒன்றும் இல்லை.

இப்படி ஒரு படம் தமிழில் வருமா?

ஆனந்தனின் வாழ்க்கை ஒன்று போதும். வல்வெட்டித்துறையில் தொடங்கி டோவர் கடலில் முடிகிற கதை. பெண் கதை வேண்டுமென்றால் ஆரத்தி சாஹாவின் அந்த ஒரு மாதம், தோற்ற ஆகஸ்டுக்கும் ஜெயித்த செப்டம்பருக்கும் நடுவே. எடுக்கத் தொட்டி வேண்டாம், பச்சைத் திரை வேண்டாம் என்று இந்தப் பிரைட்டன் பையன் காட்டிவிட்டான். குளிரில் விறைத்துப் போகும் நடிகையும் நம் கடலில் தேவையில்லை, உவரியில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புத்தான். நடுக்கத்தை மட்டும் அவர் நடித்தாக வேண்டும். படகு தரத் தயார் என்று பெரிய அண்ணாச்சி சொல்லிவிட்டார். டீசல் செலவு தயாரிப்பாளருடையது, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிகிறவரை ஷூட்டிங் கிடையாது, படகோட்டி வேஷம் அவருக்குத்தான்.